விளக்கேற்றலாமா, வணக்கம் சொல்லலாமா? – சமய உரையாடல்: வாசகர் கேள்வி பதில்

சென்னையில் முஸ்லிம்களும் பிற சமயத்தவரும் கூடி உட்கார்ந்து பேசும் முயற்சிகள் குறித்து வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கேள்வி: எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் இந்து, முஸ்லிம், கிறிஸ்தவக் குடும்பங்களும் இரண்டு ஜைன வீடுகளும் இருக்கின்றன. மாதம் ஒருமுறை கூடி சமயம் பற்றிப் பேசலாம் என்று நாலைந்து பேர் நினைக்கிறோம். எங்கே தொடங்குவது? முதல் நாளே மனக்கசப்பில் முடிந்துவிடுமோ என்ற பயமும் இருக்கிறது. (வாசகர், பெரம்பூர்)

பதில்: முதலில் எத்தனை பேர் என்று முடிவு செய்யுங்கள். ஒன்பது பேர் போதும். பன்னிரண்டைத் தாண்டினால் அது பொதுக்கூட்டம் ஆகிவிடும். ஒருவர் பேச மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருப்பார்கள். ஒவ்வொரு சமயத்திலிருந்தும் குறைந்தது இருவர் வேண்டும். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். ஒரே ஒரு முஸ்லிமை நடுவில் உட்கார வைத்தால், உலகத்தில் எங்கே என்ன நடந்தாலும் அதற்கு அவரே பதில் சொல்ல வேண்டியதாகிறது. இரண்டு மாதம் பொறுப்பார், மூன்றாவது மாதம் "வேலை இருக்கு சார்" என்பார். இருவர் இருந்தால் அவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபடுவதை மற்றவர்கள் பார்ப்பார்கள். ஒருவர் தர்காவுக்குப் போகிறவராகவும் மற்றவர் அதை ஏற்காதவராகவும் இருக்கலாம். ஒருவர் வீட்டில் தமிழ் பேசித் "தொழுகை" என்பார், இன்னொருவர் உருது பேசி "நமாஸ்" என்பார். இஸ்லாத்துக்குள் இவ்வளவு இருக்கிறதா என்று தெரிவதே முதல் பாடம். சைவரும் வைணவரும், கத்தோலிக்கரும் சி.எஸ்.ஐ.காரரும் சேர்ந்து வந்தாலும் இதுதான் நடக்கும்.

நாளும் நேரமும் அடுத்தது. வெள்ளி மதியம் ஜும்ஆ, ஞாயிறு காலை ஆராதனை. மாலையில் வைத்தால் மஃக்ரிப் தொழுகை குறுக்கே வரும். சென்னையில் நவம்பரில் 5.40 மணிவாக்கிலேயே சூரியன் மறைந்துவிடும், ஜூலையில் 6.40 வரை போகும். ஆகவே மாலை நேரத்தை ஒருமுறை குறித்துவிட்டு ஆண்டு முழுக்க ஓட்ட முடியாது. சனிக்கிழமை காலை 10.30 முதல் 12 வரை பெரும்பாலும் எல்லோருக்கும் ஒத்துவரும். ளுஹர் தொழுகைக்குப் போகிறவர் அவசரமில்லாமல் கிளம்பலாம், பெருமாள் கோயிலுக்குப் போய்வந்தவரும் வந்து சேர்ந்திருப்பார்.

இந்த 90 நிமிடத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் 5 நிமிடம் விதிகளை நினைவூட்ட. பிறகு ஆளுக்கு 3 நிமிடம், ஒன்பது பேருக்கு 27 நிமிடம். இந்த நேரத்தில் யாரும் குறுக்கே பேசக்கூடாது. அடுத்த 38 நிமிடம் கேள்விகள். கடைசி 20 நிமிடம் டீ. டீ நேரத்தைக் குறைக்காதீர்கள். வட்டத்தில் கேட்கத் தயங்கிய கேள்வியைப் பலர் டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் கேட்பார்கள்.

நாற்காலிகளை வட்டமாகப் போடுங்கள். சின்ன விஷயமாகத் தோன்றும், ஆனால் அக்பர் 1575-இல் ஃபத்தேபூர் சிக்ரியில் இபாதத் கானா (வழிபாட்டு மண்டபம்) கட்டி அறிஞர்களை விவாதிக்க அழைத்தபோது முதலில் எழுந்ததே யார் எங்கே உட்காருவது என்ற தகராறுதான். அப்போது அங்கே வந்திருந்தவர்கள் அனைவரும் முஸ்லிம்கள். திசைக்கு ஒரு பிரிவாக அவரே இடம் ஒதுக்கித் தர வேண்டியிருந்தது. அந்தப் பூசலும் வாக்குவாதமும் பார்த்த பிறகுதான் இந்து, ஜைன, பார்சி அறிஞர்களுக்கும் கிறிஸ்தவப் பாதிரிமாருக்கும் அந்த மண்டபம் திறந்தது.

விதிகள் மூன்று போதும். ஒன்று, "நான்", "எங்கள் வீட்டில்" என்று பேசலாம். "நீங்கள் எல்லோரும்" என்று தொடங்கும் வாக்கியம் கூடாது. இரண்டு, போனில் பதிவு செய்யக்கூடாது. மூன்று, சுவீடன் நாட்டு பிஷப் கிறிஸ்டர் ஸ்டெண்டால் 1985-இல் சொன்னது: உங்கள் சமயத்தின் சிறந்ததை அடுத்தவர் சமயத்தின் மோசமானதோடு ஒப்பிடாதீர்கள். ஒரு சமயத்தைப் பற்றி அறிய அதைப் பின்பற்றுகிறவரிடம் கேளுங்கள், அதன் எதிரியிடம் கேட்காதீர்கள் என்பதும், மற்றவர் சமயத்தில் "இது நம்மிடம் இல்லையே" என்று ஏங்க வைக்கும் ஒன்றுக்கு மனதில் இடம் விடுங்கள் என்பதும் அவர் சொன்ன மற்ற இரண்டு.

முதல் மூன்று மாதத்துக்குத் தலைப்புகள்: பசி, தானம், சாவு. கடவுள் யார், மோட்சம் யாருக்கு என்பதெல்லாம் ஆறு மாதம் கழித்து வரட்டும். பசி என்றால் ரமலான் நோன்பு, ஏகாதசி, தபசு காலம், ஜைனரின் பர்யுஷண் எல்லாம் தானாக வரும். தானம் என்றால் ஓராண்டு கைவசம் நின்ற சேமிப்பில் நாற்பதில் ஒரு பங்கு ஸகாத் என்ற கணக்கும், வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு தசமபாகம் என்ற கணக்கும் அருகருகே வரும். சாவு பற்றிய அமர்வு பெரும்பாலும் எல்லாவற்றிலும் ஆழமாக அமையும். முஸ்லிம் வீட்டில் இறப்பு நேர்ந்தால் முடிந்தவரை அன்றே அடக்கம் செய்துவிடுவார்கள். "நாளை ஆபீஸ் முடிந்து போய்ப் பார்க்கலாம்" என்று பக்கத்து வீட்டுக்காரர் நினைத்திருந்தால் பார்க்கவே முடியாது. மாலை வாங்கிக்கொண்டு ஓட வேண்டாம், மூன்று நாளைக்கு அந்த வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுபோங்கள். ஒரே மாடியில் பத்து வருடம் இருந்தும் பலருக்கு இது தெரிவதில்லை.

சிற்றுண்டி சைவமாக இருக்கட்டும். ஜைன வீட்டாருக்காக வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு இல்லாத ஒரு வகை வையுங்கள். சுண்டலும் வாழைப்பழமும் யாருக்கும் இடைஞ்சலில்லை. ரமலான் மாதத்தில் டீயை விட்டுவிடுங்கள். அந்த மாதம் இஃப்தாராகவே கூடலாம் என்று நினைத்தால் ஒன்றைக் கவனியுங்கள்: சூரியன் மறைந்ததும் முஸ்லிம் நோன்பு திறப்பார், சூரியன் மறைந்தபின் கட்டுப்பாடான ஜைனர் உண்ணமாட்டார். ஜைன நண்பருக்கு அரை மணி முன்னதாக இலை போட்டுவிடுங்கள். பள்ளிவாசல் நோன்புக் கஞ்சியில் பல இடங்களில் ஆட்டுக்கறி சேரும், சைவக்காரருக்குக் கொடுக்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் கல்லூரி விழாவில் குத்துவிளக்கு ஏற்ற அழைத்தபோது ஒரு முஸ்லிம் பேராசிரியர் ஒதுங்கி நின்றார். வணக்கம் சொன்னாலும் சிலர் தயங்குகிறார்கள். இது பண்பாடுதானே, இதில் மதம் எங்கே வந்தது? (வாசகி, தாம்பரம்)

பதில்: உங்களுக்குப் பண்பாடாக இருப்பது அவருக்கு வழிபாடாகத் தெரிகிறது. விளக்கை "தீபலட்சுமி" என்று கும்பிடும் வீடுகள் நிறைய உண்டு. அதை அறிந்தவராக இருப்பதால்தான் அவர் ஒதுங்குகிறார். ஏற்றுகிற முஸ்லிம்களும் இருக்கிறார்கள். அவரைக் காட்டி இவரைக் கேட்பது நியாயமில்லை.

"வணக்கம்" என்ற சொல்லுக்குப் பின்னால் இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. தமிழ் முஸ்லிம்களின் மார்க்கப் பேச்சில் இந்தச் சொல் அல்லாஹ்வுக்குச் செய்யும் இபாதத்தை, அதாவது வழிபாட்டைக் குறிக்கிறது. தொழுகை ஒரு வணக்கம், நோன்பு ஒரு வணக்கம். ஜும்ஆ உரையில் "வணக்கத்துக்குரியவன் அல்லாஹ்வைத் தவிர வேறு யாருமில்லை" என்று கேட்டு வளர்ந்தவர், அதே சொல்லை மனிதருக்குச் சொல்லும்போது நாக்கு கொஞ்சம் தடுக்கும். தமிழ் மீது அவருக்கு மதிப்பில்லை என்று இதை எடுத்துக்கொள்வது பெரிய தவறு. அந்தச் சொல்லைத் தமிழாகவே ஆழமாக எடுத்துக்கொண்டதால் வரும் தயக்கம் இது. "வாங்க, நல்லா இருக்கீங்களா?" என்று கேளுங்கள், யாருக்கும் எந்தச் சங்கடமும் இல்லை. கை குலுக்குவதில், எதிர்ப்பாலினத்தவர் கை நீட்டும்வரை காத்திருங்கள். அவர் நெஞ்சில் கை வைத்துத் தலையசைத்தால் அதுவே மரியாதை.

விழாவை எப்படித் தொடங்குவது? 1986 அக்டோபர் 27-ஆம் தேதி இத்தாலியின் அசிசி நகரில் பல சமயத் தலைவர்களைக் கூட்டிய போப் இரண்டாம் ஜான் பால், "சேர்ந்து ஜெபிக்க வரவில்லை, ஜெபிப்பதற்காகச் சேர்ந்து வந்திருக்கிறோம்" என்ற வேறுபாட்டைக் கவனமாகக் கடைப்பிடித்தார். நீங்களும் அதையே செய்யலாம்: ஒரு நிமிட மௌனம், அவரவர் மனதில் அவரவர் பிரார்த்தனை. எல்லோரையும் ஒரே பாட்டைப் பாட வைப்பதைவிட இது நேர்மையானது. விளக்கு வேண்டும் என்றால் வையுங்கள், ஏற்றுகிறவர் பெயர்களை மட்டும் முன்கூட்டியே கேட்டு முடிவு செய்யுங்கள். மேடையில் திரியை நீட்டிவிட்டு ஒருவரைச் சங்கடப்படுத்துவதுதான் தவறு.

கேள்வி: "எல்லா மதமும் ஒன்றுதான், எல்லா நதியும் கடலில்தான் சேருகிறது" என்று சொன்னேன். முஸ்லிம் நண்பர் சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றினார். நல்ல எண்ணத்தில்தானே சொன்னேன்? (வாசகர், மந்தைவெளி)

பதில்: நல்ல எண்ணம்தான். ஆனால் "ஏகம் சத்" (உண்மை ஒன்றே) என்ற ரிக்வேத மரபில் வளர்ந்தவருக்கு இயல்பாக வரும் வாக்கியம் அது. அதை நண்பர் ஒத்துக்கொள்ள வேண்டும் என்றால் முதலில் அவர் உங்கள் தத்துவத்துக்கு வர வேண்டும். சமரசம் என்று நீங்கள் நினைப்பதை, "உன் மார்க்கத்தில் தனியாக எதுவும் இல்லை" என்று அவர் கேட்கிறார்.

திருமூலரின் "ஒருவனே தேவன்" என்ற சொற்களை அவர் முன் சொல்லிப்பாருங்கள், மகிழ்ச்சியோடு தலையாட்டுவார். அங்கிருந்து "எல்லா வடிவமும் அவனே" என்று ஒரு அடி வைத்தால் நின்றுவிடுவார். தவ்ஹீத், அதாவது இறைவன் ஒருவன், அவனுக்கு இணையோ உருவமோ இல்லை என்பது இஸ்லாத்தின் அடித்தளம். அதை விட்டுவிட்டு அவரால் எந்த நதியிலும் இறங்க முடியாது.

இஸ்லாம் உரையாடலுக்கு வேறு வாசல்களைத் திறந்து வைத்திருக்கிறது. குர்ஆனின் 49-ஆம் அத்தியாயம் 13-ஆம் வசனம், மனிதர்களைப் பல இனங்களாகவும் கோத்திரங்களாகவும் ஆக்கியது ஒருவரை ஒருவர் அறிந்துகொள்வதற்காக என்கிறது. 109-ஆம் அத்தியாயம் "உங்களுக்கு உங்கள் மார்க்கம், எனக்கு என் மார்க்கம்" என்று முடிகிறது. 6:108, பிறர் அழைத்து வணங்குபவற்றை ஏசாதீர்கள் என்கிறது. மூன்றையும் சேர்த்துப் படித்தால் வேறுபாடு அப்படியே இருக்கிறது, மரியாதையும் அதன் பக்கத்திலேயே இருக்கிறது. அடுத்த முறை நண்பரிடம் "நாம் எங்கே வேறுபடுகிறோம், சொல்லுங்கள்" என்று கேளுங்கள். அவர் பேச்சை மாற்றமாட்டார்.

கேள்வி: ஈசா நபியும் இயேசுவும் ஒருவரா? முஸ்லிம் சக ஊழியரோடு இதைப் பேசலாமா? (வாசகி, சாந்தோம்)

பதில்: முஸ்லிம்கள் ஈசா என்று சொல்வது இயேசுவைத்தான். தாராளமாகப் பேசலாம், அவருடைய தாய் மரியமிலிருந்து தொடங்குங்கள். குர்ஆனில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படும் ஒரே பெண் அவர். 19-ஆம் அத்தியாயமே அவர் பெயரில் இருக்கிறது. மக்காவில் துன்புறுத்தப்பட்ட முதல் முஸ்லிம்கள் அபிசீனியாவில் தஞ்சம் புகுந்தபோது, அங்கிருந்த கிறிஸ்தவ அரசர் நஜ்ஜாஷியின் அவையில் அவர்களில் ஒருவரான ஜஅஃபர் ஓதியதும் இந்த அத்தியாயம்தான். அதைக் கேட்டு அரசர் கண்கலங்கினார் என்று இஸ்லாமிய வரலாறு பதிந்துவைத்திருக்கிறது.

கன்னிப் பிறப்பு, அற்புதங்கள், மெசியா (குர்ஆனின் சொல்லில் மஸீஹ்) என்ற பட்டம், மீண்டும் வருவார் என்ற எதிர்பார்ப்பு: இவை இரண்டு சமயத்தாருக்கும் பொது. இயேசு இறைமகன் என்பதையும் திரித்துவத்தையும் முஸ்லிம் ஏற்கமாட்டார். சிலுவை மரணத்தைக் குர்ஆன் 4:157 மறுக்கிறது. கிறிஸ்தவருக்கோ சிலுவையும் உயிர்ப்பும்தான் விசுவாசத்தின் நடு. இதைச் சொல்லாமல் மறைத்தால், பெரிய வெள்ளியன்று ஒருவர் வாய் தவறிச் சொல்லும் ஒரு வார்த்தையில் இரண்டு வருட நட்பு ஆட்டம் காணும்.

இரண்டு ஆவணங்களைச் சேர்த்துப் படிக்கலாம். 1965 அக்டோபர் 28-இல் கத்தோலிக்கரின் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட அறிக்கையில் முஸ்லிம்களைத் திருச்சபை மதிப்புடன் நோக்குகிறது என்ற பகுதி உள்ளது. 2007 அக்டோபரில் 138 முஸ்லிம் அறிஞர்கள் கிறிஸ்தவத் தலைவர்களுக்கு எழுதிய திறந்த மடல், இறையன்பு, பிறரன்பு என்ற இரண்டையும் பொதுவான சொல்லாக முன்வைக்கிறது. அதன் வேர் குர்ஆன் 3:64. ஒரு அமர்வுக்கு அரைப் பக்கத்துக்கு மேல் படிக்காதீர்கள். அதற்கு மேல் போனால் யாரும் பேச நேரமிருக்காது.

கேள்வி: கோயில் பிரசாதத்தை என் முஸ்லிம் தோழி வாங்கவில்லை. அவமதிப்பா? (வாசகி, நங்கநல்லூர்)

பதில்: இல்லை. படைக்கப்பட்ட உணவை உண்பதில்லை என்பது முஸ்லிம்களிடையே பரவலான நடைமுறை. பல கிறிஸ்தவர்களும் உண்பதில்லை. கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தில் பவுல் இதைப் பற்றி விரிவாகவே பேசுகிறார். தீபாவளிக்குச் செய்யும் முறுக்கில் ஒரு பங்கைப் படைப்பதற்கு முன்பே எடுத்துத் தனி டப்பாவில் வைத்து, "இது உனக்காக முன்னாடியே எடுத்து வச்சது" என்று சொல்லிக் கொடுங்கள்.

கேள்வி: எங்கள் வாசகர் வட்டத்திலிருந்து 20 பேர் திருவல்லிக்கேணி பெரிய பள்ளிவாசலைப் பார்க்க விரும்புகிறோம். பெண்களும் உண்டு. என்னென்ன கவனிக்க வேண்டும்? (வாசகர், அடையாறு)

பதில்: ஒரு வாரம் முன்பே நிர்வாகத்துக்கு எழுதுங்கள். ஆண் எத்தனை, பெண் எத்தனை, எவ்வளவு நேரம் என்று குறிப்பிட்டு, பெண்கள் எந்தப் பகுதி வரை வரலாம் என்பதையும் அப்போதே கேளுங்கள். பள்ளிக்குப் பள்ளி நடைமுறை மாறும். வாசலில் போய்க் கேட்டால் இரண்டு பக்கமும் சங்கடம். வெள்ளிக்கிழமையும் ரமலானின் கடைசிப் பத்து நாட்களும் வேண்டாம். மற்ற நாட்களில் காலை 10 முதல் 11.30 வரை அமைதியாக இருக்கும்.

முழங்காலுக்குக் கீழ் வரும் உடை, பெண்களுக்குத் தலையை மூடத் துப்பட்டா. செருப்பைக் கழற்றி ஓரமாக வையுங்கள். தொழுகிறவரின் முன்னால் குறுக்கே நடக்கக்கூடாது, பின்னால் சுற்றிப் போங்கள். குர்ஆன் பிரதிகளைத் தரையில் வைக்காதீர்கள். தொழுகிறவர்களைப் படம் எடுக்காதீர்கள்.

உள்ளே பார்க்க வேண்டிய ஒன்று இருக்கிறது. ஆற்காடு நவாப் முகமது அலி வாலாஜாவின் குடும்பம் 1795-இல் கட்டிய, சாம்பல் நிறக் கருங்கல் பள்ளி இது. இதன் கல்லில் பொறித்துள்ள பாரசீகக் கவிதையை எழுதியவர் நவாப்பிடம் பணியாற்றிய இந்து, ராஜா மக்கன் லால். எழுத்துகளுக்குரிய எண்களைக் கூட்டினால் ஆண்டு கிடைக்கும்படி அமைத்த கவிதை. அதன்முன் இரண்டு நிமிடம் நில்லுங்கள். ரமலானில் போகிறவர்கள் இன்னொன்றையும் பார்க்கலாம்: மயிலாப்பூர் சூஃபிதார் அமைப்பைச் சேர்ந்த சிந்தி இந்துத் தொண்டர்கள் பல பத்தாண்டுகளாக இங்கே சைவ இஃப்தார் உணவைக் கொண்டுவந்து தங்கள் கையால் பரிமாறுகிறார்கள். பிரிவினையில் வீடிழந்து வந்த தாதா ரத்தன்சந்த் தொடங்கியது அது.

முஸ்லிம் நண்பர்களைக் கோயிலுக்கு அழைக்கும்போது, கொடிமரத்துக்கு அப்பால் இந்து அல்லாதோர் வரக்கூடாது என்ற பலகை பல கோயில்களில் இருப்பதை முன்பே சொல்லிவிடுங்கள். கோபுரம், குளம், வெளிப்பிரகாரம் என்று பாதையை வகுத்துக்கொண்டால் யாரும் வாசலில் தடுக்கப்பட மாட்டார்கள். கத்தோலிக்கத் திருப்பலிக்குப் போனால் பின்வரிசையில் உட்காருங்கள். நற்கருணை கத்தோலிக்கருக்கு மட்டும் என்பதால் அந்த வரிசையில் சேர வேண்டாம்.

கேள்வி: கடைசியில் இதெல்லாம் மதம் மாற்றத்தானே? (வாசகர், வில்லிவாக்கம்)

பதில்: இஸ்லாத்தில் தஅவா, அதாவது மார்க்கத்துக்கு அழைக்கும் பணி உண்டு, கிறிஸ்தவத்தில் நற்செய்தி அறிவிப்பு உண்டு. இரண்டு சமயத்தாரும் அதை மறைப்பதில்லை. ஆனால் உரையாடலுக்கு அழைத்துவிட்டு அழைப்புப் பணி செய்வது ஏமாற்று. "இந்த வட்டத்தில் யாரையும் அழைக்கும் நோக்கம் இல்லை" என்று முதல் நாளே எல்லோரும் வாய்விட்டுச் சொல்லுங்கள். துண்டறிக்கைகள் வாசலிலேயே நிற்கட்டும்.

தென் அரேபியாவின் நஜ்ரானிலிருந்து மதீனா வந்த கிறிஸ்தவக் குழுவைப் பற்றி நபியின் பழைய வரலாற்று நூல்கள் சொல்வதைப் பாருங்கள். தங்கள் ஜெப நேரம் வந்தபோது நபியின் பள்ளிவாசலிலேயே கிழக்கு நோக்கி ஜெபித்தார்கள், நபி அனுமதித்தார். ஈசாவைப் பற்றிய பேச்சில் கடைசிவரை உடன்பாடு வரவில்லை. அவர்கள் மதம் மாறவில்லை, உடன்படிக்கை செய்துகொண்டு ஊர் திரும்பினார்கள்.

கேள்வி: எங்கள் குழு நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. எங்கோ வடக்கே நடந்த கலவரச் செய்தி வாட்ஸ்அப் குழுவில் வந்ததும் இரண்டு பேர் வெளியேறிவிட்டார்கள். (வாசகி, இராயப்பேட்டை)

பதில்: வாட்ஸ்அப் குழுவைக் கூட்ட அறிவிப்புக்கு மட்டும் என்று மாற்றி, நிர்வாகி மட்டும் எழுதும்படி இன்றே அமையுங்கள். வெளியேறியவர்களுக்குச் செய்தி அனுப்பாதீர்கள். மாற்றுச் சமயத்தைச் சேர்ந்த இருவர் சேர்ந்து அவர்கள் வீட்டுக்குப் போங்கள். அந்தச் செய்தி உண்மையா பொய்யா என்று அங்கே வாதிட வேண்டாம். "அதைப் பார்த்ததும் உங்களுக்கு எப்படி இருந்தது?" என்று மட்டும் கேட்டு, பதிலை முழுக்கக் கேளுங்கள். அவர் பயந்திருந்தால் பயந்தேன் என்பார், கோபம் என்றால் கோபம் என்பார். "நீங்கள் ஏன் கண்டிக்கவில்லை?" என்ற கேள்வியை யாரும் யாரிடமும் கேட்கக்கூடாது. வடக்கே எவனோ செய்ததற்கு இராயப்பேட்டையில் இருப்பவர் கணக்குக் கொடுக்க வேண்டியதில்லை.

அடுத்த கூட்டத்தைத் தள்ளிப்போடாதீர்கள். இருவரும் வராவிட்டாலும் குறித்த நாளில் கூடுங்கள், அவர்களுக்கான இரண்டு நாற்காலிகளையும் வட்டத்தில் போட்டு வையுங்கள், கூட்டம் முடிந்ததும் சுண்டலில் அவர்கள் பங்கை வீட்டில் கொண்டுபோய்க் கொடுங்கள்.